பெயர் சொல்லி வரும் செய்தி

ஒரு பெண் துணிக்கடையில் புடவை வாங்கினார். பில் போடும் இடத்தில் பெயர் கேட்டார்கள். சொன்னார். போன் நம்பர் கேட்டார்கள். அதையும் சொன்னார்.

தீபாவளி நெருங்கியது. அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. அதில் அவருடைய பெயர் இருந்தது. "உங்களுக்காக 300 ரூபாய் தள்ளுபடி" என்று இருந்தது. கடைக்காரர் தன்னை மறக்கவில்லை என்று அவர் மகிழ்ந்தார்.

1,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். 3,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால்தான் தள்ளுபடி என்றார்கள். செய்தியின் கடைசி வரியில் அது இருந்தது. அவர் அந்த வரியைப் படிக்கவில்லை. பஸ் செலவுதான் மிச்சம்.

செய்தியை அனுப்புவது யார்?

கடைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எழுதுவதில்லை. வாங்க வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், ஈ-மெயில் முகவரி எல்லாம் கம்ப்யூட்டரில் பட்டியலாக இருக்கும். செய்தியை ஒரு முறை எழுதினால் போதும். பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விடுவார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெயராக எடுத்து அங்கே நிரப்பும். ஆயிரக்கணக்கான பேருக்குச் சில நிமிடங்களில் செய்தி போய்விடும். செலவும் மிகக் குறைவு.

இது புதிய வழக்கம் அல்ல. 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர ஈ-மெயிலை அனுப்பியது. பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் சிலர் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதனால் வழக்கம் நிற்கவில்லை. வளர்ந்தது.

விதிகள் என்ன?

பில் போட போன் நம்பர் கட்டாயம் இல்லை. நம்பர் தரும்படி கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்கள்" என்று கேட்கலாம்.

போன் செய்திகளுக்கு விதி வகுப்பது டிராய் என்ற ஆணையம். எது விளம்பரம் என்று தெரிய, 2025-இல் அது ஒரு அடையாளம் கொண்டுவந்தது. அனுப்பியவர் பெயரின் முடிவில் ஒரு சிறு கோடு இருக்கும். அதை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம். 'ஜி' என்றால் அரசுச் செய்தி.

விளம்பரமே வேண்டாமா? தன் போனிலிருந்து 1909 என்ற எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. பதிவு செய்த பிறகும் பாங்கியின் வரவு செலவுச் செய்திகள் வரும். ஈ-மெயிலில் வரும் விளம்பரத்தை நிறுத்த, அதிலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருக்கும். தெரிந்த கடையின் ஈ-மெயில் என்றால் அதை அழுத்தலாம்.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு

"பரிசு விழுந்துள்ளது, இதை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால் அழுத்தக் கூடாது. பாங்கி அனுப்பும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். தாமதம் ஆக ஆக, பணத்தை மீட்பது கடினம்.

அந்தப் பெண் இப்போதும் அதே கடையில்தான் துணி வாங்குகிறார். ஆனால் செய்தி வந்தால் முதலில் கடைசி வரியைப் படிக்கிறார். பிறகுதான் பஸ் ஏறுகிறார்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் போன் நம்பரை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்?
2. இந்த வாரம் வந்த செய்திகளில் எவை விளம்பரம்? பிரித்துப் பாருங்கள்.