ஐந்து டிகிரி வித்தியாசம்

போல்ட்டை ஒரு கடையிலும் நட்டை இன்னொரு கடையிலும் வாங்குகிறோம். அளவு சொல்லி வாங்கினால் பொருந்திவிடுகிறது. 1841க்கு முன் இங்கிலாந்தில் இதை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு நட்டு தொலைந்தால், இயந்திரத்தைச் செய்த பட்டறையையே தேடிப் போக வேண்டும், இல்லையென்றால் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு மான்செஸ்டர் பட்டறைக்காரர் ஜோசப் விட்வொர்த் ஒரு பொது அளவை முன்வைத்தார். புதிய மரை எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்தார், அளந்தார், சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. முகடும் பள்ளமும் உருண்டை. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8. எந்தப் பட்டறையின் மரையும் முழுதாக ஜெயிக்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் சொன்ன மரைக்கு 60 டிகிரி, தட்டை முகடு. 60 என்பது சமபக்க முக்கோணத்தின் கோணம், சரிபார்ப்பது சுலபம். உருண்டை முகட்டுக்குத் தனி வெட்டுளிகளும் கைபழகிய ஆளும் வேண்டும். தட்டை முகட்டைச் சாதாரண லேத்காரரே வெட்டிவிடுவார். பலம் என்று பார்த்தால் உருண்டைப் பள்ளம்தான் மேல், கூர்மூலையில்தான் விரிசல் பிடிக்கும். ஆனாலும் என் ஓட்டு செல்லர்ஸுக்கே. சின்னப் பட்டறையில் வெட்ட முடியாத மரையை வைத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் பொது அளவு என்று சொல்லி என்ன பயன்?

இரு நாடுகளும் பிரிந்து நின்றதன் விலை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினைத் தயாரிக்க எடுத்துக்கொண்ட அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி, பிரிட்டிஷ் மரை வெட்டும் டாப்புகளையும் டைகளையும்கூடத் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரிக்கு ஒப்பந்தம் போட்டன. இன்றைய மெட்ரிக் போல்ட்டுகளும் 60தான்.

விட்வொர்த் குழாயில் பிழைத்துக்கொண்டார். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களின் மரை இன்னும் அவருடைய 55 டிகிரி. அரை அங்குலக் குழாயில் அங்குலத்துக்கு 14 மரை. அமெரிக்க அரை அங்குலக் குழாயிலும் 14தான், ஆனால் கோணம் 60. ஆகவே அமெரிக்க ஃபிட்டிங் நம் குழாயில் சில சுற்று ஏறிவிடும், ஏமாந்துபோவோம்; டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் ஒழுகாது என்று நம்ப முடியாது. வெளிநாட்டுக் குழாயோ ஷவரோ வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள்: பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) என்று இருந்தால் எடுங்கள்; என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை) என்றால் வைத்துவிடுங்கள்.