பாங் கடை லைசென்ஸும் மாநில எல்லையும்

காசிக்கு யாத்திரை போகும் நம்மவர்கள், சந்துகளில் ‘சர்க்காரி பாங் கீ துகான்’ என்ற பலகையைக் கண்டு திகைத்து நிற்பதுண்டு. ராஜஸ்தானத்தில் ஜெய்சால்மர் கோட்டை வாசலில் உள்ள பாங் கடையும் வெகு பிரசித்தம். கஞ்சாச் செடியின் இலையை அரைத்து உருண்டை பிடித்து விற்பதற்குச் சர்க்காரே அனுமதி கொடுப்பதா? ஊரில் ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்களே!

விடை, 1985ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு வரியில் இருக்கிறது. அந்தச் சட்டம் கஞ்சா என்று சொல்வது, செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை. அதன் பிசின் சரஸ். நுனி கலவாத இலையையும் விதையையும் சட்டம் விட்டுவிடுகிறது. 1961ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்திலும் இதே விலக்கு உண்டு. ஆகவே ஒரே செடியில் நுனி மத்திய சட்டத்தின் பிடியிலும், இலை அந்தந்த மாநிலத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. இதன் வேர் வெள்ளைக்காரர் காலத்தது. 1893ல் அமைத்த கஞ்சா விசாரணைக் கமிஷன், ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, முழுத்தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று எழுதி வைத்தது.

கலெக்டர் பொறுப்பு

உத்தரப் பிரதேசத்தில் பாங் கடைகள் கலால் இலாகாவின் கீழ் வருகின்றன. 1910ம் ஆண்டுச் சட்டமே இன்னும் அடிப்படை. லைசென்ஸ் அதிகாரி ஜில்லா கலெக்டர். அவருக்குக் கீழே மாவட்டக் கலால் அதிகாரி, பிறகு இன்ஸ்பெக்டர்கள். 1971ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளு, சாராயக் கடைகளை ஏலம் விட்டது நினைவிருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. இப்போது அங்கே ஏலம் போய், கம்ப்யூட்டர் குலுக்கல் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மதுக்கடைகளோடு பாங் கடைகளையும் குலுக்கிப் போட்டுத்தான் ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வடக்கே பாங் என்றாலே ஹோலிதான். ஆனால் அமைதியைக் காக்க வேண்டி, பல மாவட்டங்களில் ஹோலியன்று மதுக்கடைகளோடு பாங் கடைகளையும் மூடிவைக்கக் கலெக்டர் உத்தரவு போட்டுவிடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அரைத்த பிறகு யாருக்குத் தெரியும்?

லைசென்ஸ் சரியாக இருக்கிறதா, கணக்குப் புத்தகமும் கையிருப்பும் பொருந்துகின்றனவா, மூட வேண்டிய நாளில் கடை மூடியிருந்ததா என்று பார்ப்பதெல்லாம் எளிது. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. காய்ந்த இலை மூட்டையாக வரும்போது அதில் பூ நுனி கலந்திருந்தால் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதையே அம்மியில் அரைத்துத் தண்டாயியிலோ பேடாவிலோ சேர்த்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது? ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினாலும், போதைச் சத்து இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அது இலையிலிருந்து வந்ததா நுனியிலிருந்து வந்ததா என்பது லேசில் விளங்காது. அந்தச் சத்து இரண்டிலுமே இருக்கிறது. நுனி சேர்ந்ததென்று நிரூபணமானால், அது பாங் அல்ல, கஞ்சாக் கலவை. ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே கடை மேஜையைச் சோதிப்பதைவிட, மூட்டை வந்திறங்கும் கிடங்கைச் சோதிப்பதுதான் உண்மையான மேற்பார்வை. பக்கத்து உத்தரகண்டில் 2018 முதல் நாருக்கும் விதைக்குமாக இந்தச் செடியைப் பயிரிட லைசென்ஸ் தருகிறார்கள். அங்கே போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அது எண், அளந்து பார்த்து முடிவு சொல்லிவிடலாம். பாங் விஷயத்தில் மத்திய சட்டம் அப்படி ஓர் எண்ணும் வைக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கண்ணையும் கடைக்காரரின் நாணயத்தையும் நம்பித்தான் காரியம் நடக்கிறது.

ரயில் ஏறும் முன்

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது, இந்த லைசென்ஸ் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதை. இங்கே மகாராஷ்டிரத்தில் 1949ம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் பாங் வைத்திருப்பது குற்றம். தமிழ்நாட்டின் 1937ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப்பொருள் என்றே சொல்கிறது. அஸ்ஸாம் 1958ல் தனிச் சட்டமே போட்டுத் தடுத்தது. குஜராத்தோ, குடிக்குத் தடை இருக்கும்போதே, 2017ல் பாங்கை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒரே தேசம்தான், ஆனால் உருண்டைக்கு உருண்டை சட்டம் மாறுகிறது.

பெங்களூரில் 29 கிலோ பாங்கோடு பிடிபட்ட ஒருவருக்கு 2022ல் கர்நாடக ஐகோர்ட் ஜாமீன் கொடுத்தது. இலையில் செய்த பாங், மத்திய சட்டம் சொல்லும் கஞ்சாவில் சேராது என்று நீதிபதி சுட்டிக்காட்டினார். அதற்காக அவர் ஐகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. வக்கீல் பீஸ் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காசியில் ரயில் ஏறி வருகிறவர் மாணிக்பூரைத் தாண்டியதும் மத்தியப் பிரதேசம். புசாவல் வந்தால் மகாராஷ்டிரம். ‘ஆயுர்வேத மருந்து’ என்று அச்சடித்த சிறு பாக்கெட்டுகளைப் பிரசாதத்தோடு பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சிலர் கூட வேலை செய்யும் நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கி வருகிறார்கள். புசாவலில் ரயில்வே போலீசார் பையைத் திறந்தால், சர்க்கார் கடையில் வாங்கினேன் என்ற பதில் அங்கே செல்லாது. அந்தச் சர்க்கார் வேறு, இந்தச் சர்க்கார் வேறு.