மேஜை மேல் ஒரு விஜயந்தா

இந்த ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், குழந்தைகளின் கைவினைப் பொருட்களுக்கு நடுவே ஒரு சிறிய ராணுவ டாங்கி இருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம், உள்ளங்கை அகலம். "எங்கே வாங்கினீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். "ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகவில்லையா?" என்று சிலர் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை என் மனைவி மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறாள். அந்த டாங்கி கடையில் வாங்கியதல்ல, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி நானே செய்தது. செய்யும் விதத்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டதால் இக்கட்டுரை. முதல் முயற்சியில் நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். செய்முறையை விட அவைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

விஜயந்தா ஏன்?

நம் நாட்டில் தயாரான முதல் பிரதான போர் டாங்கி விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-இல் ஒப்பந்தம் ஆயிற்று. சென்னையை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் முதல் வண்டி தயாரானது. சுமார் 39 டன் எடை, நான்கு பேர் கொண்ட குழு, 105 மில்லிமீட்டர் பீரங்கி. 1980-களின் தொடக்கம் வரை தயாரித்தார்கள். இப்போது பணியில் இல்லை. காட்சிப் பொருளாகத்தான் நிற்கிறது.

எனக்கும் அதற்கும் பழைய பழக்கம் உண்டு. 1980-களில் ரயில்வேயில் வேகன் பரிசோதனைப் பிரிவில் இளம் மேற்பார்வையாளனாக இருந்தபோது, ராணுவ ஸ்பெஷல் வண்டிகள் யார்டில் வந்து நிற்கும். தட்டை வேகன்களின் மேல் தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள். சங்கிலி இறுக்கமாக இருக்கிறதா, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டை நகர்ந்திருக்கிறதா, வேகனுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று லாந்தரைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வேலை. விஜயந்தாவின் அகலம் 3.168 மீட்டர். நாம் பயணம் செய்த ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டியின் அகலம் 3.245 மீட்டர். பெட்டி போகும் வழியில் டாங்கியும் போய்விடும். பின்னால் வந்த அர்ஜுன் டாங்கி 3.86 மீட்டர் அகலம். அதைக் கொண்டுபோகத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. எத்தனையோ முறை சுற்றிச் சுற்றிப் பார்த்த வண்டிதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் முதல் தவறு.

கணக்கு எளிது

இவ்வகை மாதிரிகளில் உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு 35-இல் ஒரு பங்கு. இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பாந்தர் என்ற ஜெர்மானிய டாங்கியைச் சிறிய மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

ஆகவே அசல் அளவை மில்லிமீட்டரில் எழுதி 35-ஆல் வகுக்க வேண்டும். விஜயந்தாவின் உடல் நீளம் 7.92 மீட்டர், மாதிரியில் 226 மி.மீ. அகலம் 90.5 மி.மீ. பீரங்கி முன்னோக்கி நீண்டிருக்கையில் மொத்த நீளம் 9.79 மீட்டர், மாதிரியில் 280 மி.மீ. பீரங்கியின் துவாரம் 105-ஐ 35-ஆல் வகுத்தால் சரியாக 3 மி.மீ.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய அளவுகள் எளிதில் வந்துவிடும், மெல்லிய பாகங்கள் வராது. அசலில் 6 மி.மீ. கனமுள்ள தகரம் மாதிரியில் 0.17 மி.மீ. ஆகிவிடும். சங்கிலிப் பட்டைக்கு மேலுள்ள மட்காப்பை 1 மி.மீ. பிளாஸ்டிக்கில் வெட்டினால், அசலில் அது ஒன்றே கால் அங்குலத்துக்கும் கூடுதலான இரும்புப் பலகையாகிவிடும்! குளிர்பான டின்னைக் கத்தரித்தோ, பிளாஸ்டிக் தகட்டின் ஓரத்தை மட்டும் அடிப்பக்கத்தில் சீவியோ இதைச் சரிக்கட்டலாம். கண்ணுக்குத் தெரிவது ஓரம்தான்.

முதல் டாங்கியும் தபேதாரும்

பழைய புத்தகம் ஒன்றிலிருந்த படங்களை வைத்து எட்டு மாதத்தில் முதல் விஜயந்தாவை முடித்தேன். எங்கள் குடியிருப்பில் வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். கவசப் படையில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படையில் ஹவில்தாருக்குச் சமமான பதவி அது. பல ஆண்டுகள் விஜயந்தா ஓட்டியவர். கிளாக்கோமாவால் இப்போது பார்வை மங்கிவிட்டது, நிழல்தான் தெரிகிறது. என்னை விட மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையில் மாதிரியைக் கொடுத்தேன்.

விரலால் மெதுவாகத் தடவினார். முன்பக்கத்தில் கை நின்றது. "சார், இது இன்னா மேல எல்லாம் முத்து முத்தா கீது?"

"ரிவெட் அண்ணே. இருநூறுக்கு மேல் வைத்திருக்கிறேன்" என்றேன் பெருமையாக.

"எங்க வண்டியில ரிவெட்டே கெடையாதே சார்."

விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து டிரைவரின் மூடியைத் தொட்டது. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் சோத்தாங்கை பக்கம் குந்தி ஓட்னவன். நீங்க பீச்சாங்கை பக்கம் குந்த வெச்சிட்டீங்களே."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். நான் நம்பிய படம் அச்சில் இடவலமாக மாறியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வண்டியின் மேல் இருந்த எண் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தது. எட்டு மாதமும் அந்த எண்ணை நான் படித்துப் பார்க்கவில்லை.

ரிவெட்டு விஷயம் வேறு. பழைய வேகன்களில் ரிவெட்டைச் சுத்தியால் தட்டி, சத்தத்தை வைத்தே தளர்ந்ததைக் கண்டுபிடித்துப் பழகிய கை என்னுடையது. கனமான இரும்பு என்றாலே ரிவெட்டு என்று மனத்தில் பதிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில், 1944-இல் இம்பால், கோஹிமா பகுதிகளில் போரிட்ட லீ டாங்கிகளில் ரிவெட்டு உண்டு. அடி விழும்போது அந்த ரிவெட்டின் தலை தெறித்து, உள்ளே இருப்பவர் மேல் குண்டுபோல் பாயும். தகடுகளை வெல்டிங் செய்து இணைக்கும் முறைக்கு மாறியதில் இதற்கும் பங்குண்டு. விஜயந்தாவின் உடலும் மேலே சுழலும் கோபுரமும் உருட்டிய எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து கட்டியவை. அழகுக்காக நான் ஒட்டியது, அதற்குள் உட்கார்ந்தவர்களைக் கொல்லக்கூடிய பொருள். அன்றிரவே முதல் டாங்கியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

நேரில் போய் அளந்தது

இரண்டாவது டாங்கிக்கு முன் தபேதாரையும், எட்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய பேரனையும் அழைத்துக்கொண்டு அகமத்நகர் போனேன். இப்போது அகல்யாநகர் என்று பெயர். புனேயிலிருந்து சுமார் 120 கி.மீ. கவசப் படைப் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. தபேதார் பயிற்சி பெற்ற ஊரும் அதுதான். அங்குள்ள டாங்கி அருங்காட்சியகம் 1994-இல் திறக்கப்பட்டது. விஜயந்தாவோடு செஞ்சூரியன், போரில் கைப்பற்றிய பாட்டன் முதலிய பல டாங்கிகள் நிற்கின்றன. குழந்தைகளோடு ஒரு முறை கட்டாயம் போய் வாருங்கள்.

காட்சிப் பொருளின் மேல் ஏறி நாடா பிடித்து அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வண்டியின் நடு உயரத்தில், நேர் எதிரே பிடித்துப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்தால் அருகிலுள்ளது பெரிதாகவும் தூரத்திலுள்ளது சிறிதாகவும் விழுந்து கணக்கு கெடும். அகலம் 3.168 மீட்டர் என்பது தெரியும். முன்பக்கப் படத்தில் அது 158 மி.மீ. வந்தால், படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அசலில் ஏறக்குறைய 20 மி.மீ. இந்தக் கணக்கில் விளக்கு, கொக்கி, மூடி எல்லாவற்றின் அளவும் கிடைத்துவிடும். இரண்டு பக்கங்களையும் தனித்தனியே படம் எடுங்கள், ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை ஊகிக்காதீர்கள். இவ்வகை வண்டிகளில் சக்கரங்களைத் தாங்குவது உடலின் குறுக்கே படுத்திருக்கும் முறுக்குக் கம்பிகள். இடச் சக்கரத்தின் கம்பியும் வலச் சக்கரத்தின் கம்பியும் அடுத்தடுத்து இருப்பதால், பல டாங்கிகளில் இரு பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் அமையாமல் சற்று முன்பின்னாக இருக்கும்.

அருங்காட்சியக வண்டியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல முறை பூசிய பெயிண்டில் வெல்டிங் வரிகள் மறைந்திருக்கும். கருவிகளும் கயிறுகளும் கழற்றப்பட்டிருக்கும். அதனால் பணியில் இருந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட வேண்டும். எனக்கு இன்னொரு வழியும் இருந்தது. தபேதார் வண்டியின் முன்னால் போய் நின்று, சொல்லாமலே வலப்பக்கம் நகர்ந்தார்.

நுணுக்க வேலைகள்

தட்டையான பாகங்களுக்குப் பாலிஸ்டைரீன் தகடு நல்லது. கத்தியால் பாதி ஆழம் கீறி மடக்கினால் நேராக உடையும். உருட்டிய எஃகு வழவழப்பாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து அப்படியே விடலாம். செஞ்சூரியன் போன்றவற்றின் கோபுரம் வார்ப்பு இரும்பைப்போல் சொரசொரப்பாக இருக்கும். அதற்கு நீர்த்த மக்கைத் தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும்.

வெல்டிங் வரிதான் விஜயந்தாவின் முகம். பழைய விமான மாதிரிப் பெட்டியில் உதிரிகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியின் மேல் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் மயிரிழையாக நீளும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள இழையை மூட்டில் வைத்து, திரவ ஒட்டுமருந்தைத் தடவி இளக்கி, கத்தியின் மழுங்கிய முனையால் சீராக அழுத்திக்கொண்டே போக வேண்டும். இழை முழுவதும் ஒரே அகலத்தில் இருந்தால் போலியாகத் தெரியும். வெல்டர் கைமாற்றிய இடத்தில் சிறு மேடு விழும், அதையும் காட்டலாம்.

பீரங்கிக்கு 3 மி.மீ. உள்விட்டமுள்ள பித்தளைக் குழாய் போதும். அடியில் தடித்து நுனியில் மெலிவதற்குக் காகித நாடாவில் பசை தடவிச் சுற்றித் தேய்த்தேன். வழியில் தடித்து நிற்கும் உருளை, சுட்ட பிறகு புகை கோபுரத்துக்குள் வராமல் வெளியே இழுப்பதற்கானது. குழலின் முனை வெறுமையாகத்தான் இருக்கும். படங்களில் பார்த்த வேறு டாங்கியை நினைத்து அங்கே ஒரு குமிழை மாட்டிவிடாதீர்கள். கோபுர முகப்பில் பீரங்கியோடு ஒரு 7.62 மி.மீ. துப்பாக்கியும், இன்னொரு 12.7 மி.மீ. துப்பாக்கியும் உண்டு. பின்னது தூரம் அறிவதற்கு. முதலில் அதனால் சில குண்டுகளைச் சுட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துப் பீரங்கியைக் குறிவைப்பார்கள். மாதிரியில் அதன் துவாரம் 0.36 மி.மீ.தான். மருந்து ஏற்றும் ஊசியின் ஒரு துண்டு அங்கே உட்கார்ந்துகொண்டது.

வர்ணம் பூசுவதற்குத் தபேதார் சொல்லச் சொல்ல, கேட்டுச் செய்தவன் அவர் பேரன். அசல் பச்சையை அப்படியே பூசினால் சிறிய உருவில் கறுத்துத் தெரியும். சிறிது வெள்ளை கலக்க வேண்டும். புழுதியை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அப்பக் கூடாது. "ஏறி எறங்குற எடத்துல பூட்ஸ் பட்டுத் தேஞ்சி பளபளன்னு இருக்கும். டீசல் ஊத்துற எடத்துல கறை இருக்கும். சக்கரத்துக்கு மேல சேறு காஞ்சி கெட்டியாக் கெடக்கும்" என்று அவர் சொன்னார். தேய்ந்த இடத்துக்குப் பென்சில் கரியும், சேற்றுக்குச் சலித்த மண்ணும் ஃபெவிகாலும் பயன்பட்டன. வீட்டில் மராட்டியும் ஹிந்தியும் மட்டும் பேசும் பையன். "சோத்தாங்கைன்னா எது தாத்தா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தூரிகையை எடுத்தான்.

முடிவாக

இரண்டாவது டாங்கிக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. முடிந்ததும் தபேதாரின் கையில் கொடுத்தேன். முன் தகட்டைத் தடவினார், முத்துகள் இல்லை. வெல்டிங் வரி மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்து வலப்பக்க மூடியில் நிறுத்தினார். "இங்கதான்டா நானு" என்றார் பேரனிடம். அன்று சாயங்காலம் வெகுநேரம், உள்ளே எவ்வளவு சூடு இருக்கும், இரவில் விளக்கில்லாமல் எப்படி ஓட்டுவது என்றெல்லாம் பேசினார். பத்து வருடப் பழக்கத்தில் நானே கேட்டிராத கதைகள் அவை.

ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் ஏதாவது ஒரு பெட்டி மாதிரியை வாங்கி ஒட்டிப் பழகுங்கள். பிறகு ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, எந்த ஆண்டு, எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு படத்தை மட்டும் நம்பாதீர்கள். எண்ணும் எழுத்தும் நேராக இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். கத்தி வேலையைப் பிள்ளைகளிடம் தனியே விடாதீர்கள். ஒட்டுமருந்தைத் திறக்கும்போது ஜன்னலையும் திறந்து வையுங்கள். எதையும் ஒட்டுமுன், அது அங்கே எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் ஒட்டாமல் காத்திருங்கள்.

அந்த வண்டியில் வேலை செய்தவர் யாராவது உங்கள் பகுதியில் இருக்கலாம். புத்தகத்தைத் திறக்குமுன் அவரைப் போய்ப் பாருங்கள். நான் எட்டு மாதம் கழித்துத்தான் போனேன்.