முதுகில் இருக்கிறது புத்தகத்தின் ஆயுள்

சொந்தச் செலவில் புத்தகம் போட நினைப்பவர்கள், தேவைப்படும்போது தேவையான பிரதிகளை மட்டும் அச்சடித்துத் தரும் பிஓடி நிறுவனத்திடம் முதலில் கேட்பது, பிரதிக்கு என்ன விலை என்பது. அடுத்தது, அமேசானில் கிடைக்குமா. பிறகு, ராயல்டி எத்தனை சதவீதம். மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் பக்கங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசை எது, தாளின் இழை எந்தத் திசையில் ஓடுகிறது, எழுத்தைப் பதிப்பது எந்த வகை இயந்திரம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வருடக்கணக்கில் எழுதித் திருத்திய நாவல் மூன்றாவது வாசகர் கையில் தாள் தாளாக உதிர்வதற்குக் காரணம் இந்தக் கேட்காத கேள்விகளில்தான் இருக்கிறது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதை இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு பிரதியைக்கூட அச்சடிக்க முடிகிறது என்பதே அறிவியலின் கொடை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்தது. எழுத்தின் நிழலில் மட்டும் தங்கியது. மேலே தூவிய பொடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. மெழுகுத்தாளை அழுத்தி எடுத்தபோது உலகின் முதல் உலர் நகல் கிடைத்தது. பல நிறுவனங்கள் கார்ல்சனைத் திருப்பி அனுப்பின. அவருடைய முறை 1959-இல் ஜெராக்ஸ் 914 இயந்திரமாகச் சந்தைக்கு வந்தது. பின்னர் விளக்கின் இடத்தில் லேசர் வந்தது. 1990-இல் நிமிடத்துக்கு 135 பக்கம் அச்சிடும் டாக்குடெக் வந்தபின், கணினிக் கோப்பிலிருந்து நேராகப் புத்தகம் என்பது தொழிலாகவே ஆனது.

ஆஃப்செட்டில் எழுத்து அலுமினியத் தகட்டில் நிலையாகப் பதிந்திருக்கிறது. தகடு செய்யவும், இயந்திரத்தில் பூட்டி மையைச் சரிபார்க்கவும் ஆகும் செலவு ஒரு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். லேசர் இயந்திரத்தின் உருளையிலோ ஒவ்வொரு பக்கமும் புதிதாக வரையப்பட்டு அழிக்கப்படுகிறது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என வரிசையாகவே வெளியே வரும். அதனால் முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் விலை ஒன்றே. கணக்குக்காக, ஆஃப்செட்டில் ஆரம்பச் செலவு 30,000 ரூபாய், அதன்பின் பிரதிக்கு 50 ரூபாய், பிஓடியில் பிரதிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதியில் இரண்டும் சமமாகும். அதற்குமேல் விற்கும் என்ற நம்பிக்கை உறுதியாக இருந்தால் ஆஃப்செட்டே சிக்கனம். ஐம்பது, நூறு என்று விற்கக்கூடிய கவிதைத் தொகுப்புக்கும் ஊர் வரலாற்றுக்கும் பிஓடி வந்திராவிட்டால் அச்சு வாய்ப்பே கிடைத்திருக்காது. தமிழில் சிறு பதிப்பகங்கள் பலவும் இன்று இந்த வழியில் இயங்குவது இதனால்தான்.

டோனர் என்பது கரிநிறமி கலந்த பிளாஸ்டிக் பொடி. சூடான உருளைகள் அதை உருக்கித் தாளின் மேற்பரப்பில் ஒட்டவைக்கின்றன. ஆஃப்செட் மை தாளுக்குள் ஓரளவு இறங்கும். டோனர் மேலேயே படிந்து நிற்கும். பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்தில் மெல்லிய பளபளப்பு தெரிவது இதனால்தான். நல்ல சூட்டில் பதிந்த எழுத்தை நகத்தால் சுரண்டினால் உதிராது. உதிர்ந்தால் அந்த அச்சகத்தைத் தவிர்த்துவிடலாம். அங்குலத்துக்கு 600 புள்ளி பதிக்கும் இயந்திரத்தில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 42 மைக்ரான். 1200 புள்ளியில் அது பாதியாகும். ஆங்கில நாவலுக்கு 600 போதும். ஆனால் ண, ன, ஞ, ணை போன்ற சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்தைச் சிறிய அளவில் போடும்போது, பொடி சற்றே பரவினாலும் சுழியின் கண் அடைபடும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூல் போடுபவர்கள், அந்த அடிக்குறிப்புப் பக்கம் ஒன்றையே மாதிரிக்கு அச்சடித்துத் தரச்சொல்லி லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

புகைப்படம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கருப்புப் பொடியால் சாம்பல் நிறம் காட்ட முடியாது. சிறிதும் பெரிதுமான புள்ளிகளை அடுக்கிக் கண்ணை ஏமாற்றித்தான் சாம்பல் பிறக்கிறது. 600 புள்ளி இயந்திரத்தில் அங்குலத்துக்கு நூறு கட்டம் போட்டால் ஒரு கட்டத்துக்குள் ஆறுக்கு ஆறு, 36 புள்ளிகள். ஆகவே வெள்ளையையும் சேர்த்து 37 படிகள்தான். தாத்தாவின் பழைய படத்தில் முகத்தின் நிழல்கள் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் புத்தகம் போடுபவருக்கு இன்னொரு சோதனை கோப்பிலேயே காத்திருக்கிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடில் கணினி சேமிப்பது ககரத்தை முதலில், கொம்பை அடுத்து. திரையில் காட்டும் மென்பொருள்தான் இடம் மாற்றி வைக்கிறது. ‘கொ’ என்றால் ஒரே குறியீட்டை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். இந்த வேலை தெரியாத மென்பொருளில், குறிப்பாகச் சில அட்டை வடிவமைப்புக் கருவிகளில், தலைப்பு சிதறி, கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் முளைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் கதை வேறு. அங்கே ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் நாவல் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகிவிடும். ஆகவே எழுத்துருவைப் பிடிஎஃபுக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வேண்டும். அக்ரோபாட்டில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் அனுப்பக் கூடாது. தமிழ்க் கோப்பைத் திறந்து பார்த்துப் பிழை சொல்லத் தெரிந்த ஓர் ஆள் அந்த நிறுவனத்தில் இருக்கிறாரா என்பதைத் தொலைபேசியில் கேட்டே தெரிந்துகொள்ளலாம். எல்லா வேலையையும் இணையதளமே செய்யும் இடத்தைவிட, அப்படி ஓர் ஆள் இருக்கும் இடத்தை நான் நம்புவேன்.

தாள் என்றதும் ஜிஎஸ்எம் என்ற எண்ணைச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. தடிமனை அது சொல்லாது. ஒரே எடையில் தாளை அழுத்தி மழமழப்பாக்கினால் மெலியும், அழுத்தாமல் விட்டால் பருக்கும். அமேசானின் கேடிபி சேவை ஒரு பக்கத்துக்கு வெள்ளைத்தாளில் 0.002252 அங்குலமும் கிரீம் தாளில் 0.0025 அங்குலமும் கணக்கிடச் சொல்கிறது. 240 பக்க நாவலின் முதுகு வெள்ளையில் 13.7 மில்லிமீட்டர், கிரீமில் 15.2. வெள்ளைக்காகச் செய்த அட்டையை அப்படியே கிரீமுக்குப் போட்டால் முதுகில் இருக்கும் தலைப்பு ஓரத்துக்குச் சரியும். நிறுவனத்தை மாற்றினால் தாளும் மாறும், அட்டையும் மாற வேண்டும்.

தாள் இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுக்கின்றன. ஈரம் பட்டால் மரநார் நீளத்தில் ஏறக்குறைய மாறாது. குறுக்கில்தான் பல மடங்கு பருக்கும். இழை புத்தக முதுகுக்கு இணையாக ஓடினால் பக்கம் அகலவாட்டில் தடையின்றி விரியும், பசைக்கும் தாளுக்கும் சண்டை வராது. இழை குறுக்காக ஓடினால் பக்கம் உயரவாட்டில் விரியப் பார்க்கும். முதுகோரம் பசையில் சிக்கியிருப்பதால் அலையலையாக நெளியும். சென்னையிலும் கொழும்பிலும் மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் இந்த நெளிவைப் பார்க்கலாம். லேசர் இயந்திரம் தன் சூட்டில் தாளின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பிறகு கடற்கரைக் காற்றில் அந்தத் தாள் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும்போது நெளிவு இன்னும் கூடும். நடுப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். முதுகுக்கு இணையான அச்சில் சுலபமாக வளைந்தால் இழை சரியாக இருக்கிறது. அட்டை விரிந்து மேலெழும்புவதும் இதே விதிப்படிதான். வெளிப்புறம் லேமினேஷன் ஒட்டியிருப்பதால் ஈரம் புகாது. உட்புறம் ஈரம் குடித்துப் பருத்து, அட்டையை வெளிப்பக்கமாக வளைக்கிறது.

பசைக்கு வருகிறேன். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் தையல் கிடையாது. தாள்களை அடுக்கி, முதுகோரத்தை அரவையால் சீவிச் சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி, அட்டையை வைத்து அழுத்துகிறார்கள். பிஓடியில் மடித்த ஃபாரங்களும் பெரும்பாலும் இல்லை, ஒற்றைத் தாள்கள்தான். ஒவ்வொரு தாளும் தன் விளிம்பின் தடிமனை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

பரவலாக இருப்பது ஈவிஏ என்ற எத்திலீன் வினைல் அசிட்டேட். ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸில் உருக்கித் தடவப்படும் இது ஆறினால் சில நொடிகளில் இறுகும். இறுகுவது வெறும் குளிர்ச்சியால், வேதிவினை எதுவும் இல்லை. சூடு திரும்பினால் இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் கிடக்கும் புத்தகத்தின் முதுகு தளர்வது இப்படித்தான். கடுங்குளிரில் விறைத்து வெடிக்கவும் செய்யும். படங்களுக்காகப் பூச்சிட்ட மழமழப்பான தாள் போட்டால், ஈவிஏ இழைக்குள் இறங்க வழியின்றிப் பிடி நழுவும்.

இன்னொன்று பியுஆர் எனப்படும் பாலியூரிதேன். இதைச் சுமார் 120 டிகிரியில் தடவுகிறார்கள். ஆறியபின்னும் இதன் வேலை முடிவதில்லை. மூலக்கூறுகளின் முனையில் இருக்கும் ஐசோசயனேட் தொகுதிகள் காற்றிலும் தாளிலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன. முழுப் பலம் வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கட்டிக்கொண்டபின் சூட்டில் உருகாது, குளிரில் உடையாது, பூச்சிட்ட தாளையும் பிடிக்கும். பசைப்படலம் மெல்லியது என்பதால் புத்தகம் தாராளமாக விரியும். செலவு அதிகம். தொட்டியில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடும் என்பதால் இயந்திரமும் மூடிய வகையாக இருக்க வேண்டும். சிறிய இடங்களில் இது இல்லாததற்கு அதுவே காரணம். முந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலுக்கும், மாணவர்கள் திரும்பத் திரும்ப விரிக்கும் நூலுக்கும் பியுஆர் தரும் நிறுவனத்துக்குப் பிரதிக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பேன். 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி வெளியீட்டாளர் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. பல தலைமுறைக்குப் பின் அங்கே ஒருவர் அந்தப் பிரதியை விரிக்கக்கூடும்.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை நிறுவனத்திடம் வாங்க வேண்டாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதைக் கட்டணமின்றித் தருகிறது. நிறுவனம் தந்த எண்ணோடு வெளியிட்டால் பதிவில் வெளியீட்டாளர் அந்த நிறுவனமே. பிறகு வேறிடம் போக நினைத்தால் புதிய எண் எடுக்க வேண்டியிருக்கும்.

இணையத்தில் இருக்கும் பளபளப்பான மாதிரிப் படங்களை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் கோப்பில் உங்கள் தாளில் ஒரு மெய்ப்புப் பிரதி வாங்குங்கள். நடுவில் விரித்து முதுகு முறியும் வரை அழுத்துங்கள். நடுத்தாள் ஒன்றைப் பிடித்து இழுங்கள். அது வேரோடு கழன்று வந்தால் பசை ஒட்டவில்லை. கிழிந்து வந்தால் தாளைவிடப் பசை பலம். பத்து நாள் மொட்டை மாடி அறையில் போட்டுவிட்டு மறுபடியும் இழுத்துப் பாருங்கள்.

மெய்ப்பு நன்றாக இருந்தது என்பதற்காக அதோடு நிறுத்தவும் கூடாது. உலகச் சேவைகள் வாங்குபவருக்கு அருகிலிருக்கும் அச்சகத்தில் அடித்து அனுப்புகின்றன. லண்டன் வாசகருக்கும் டொராண்டோ வாசகருக்கும் போகும் பிரதிகள் ஒரே இயந்திரத்தில் பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை கடையில் சாதாரண வாசகராகவே ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டு நண்பர்களிடம் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேடிபி பிரதிகள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில் அச்சான ஊரும் தேதியும் சிறிய எழுத்தில் இருக்கும். குறை சொல்லி எழுதும்போது அந்த இரண்டையும் குறிப்பிட்டால்தான் எந்த ஆலை, எந்த நாள் என்று அவர்களால் தேடிப்பிடிக்க முடியும்.