குப்பத்து நவம்பர் ஒன்று

நவம்பர் 1 காலையில் குப்பத்திலிருந்து பெங்களூர் வண்டி ஏறினால், பங்காருப்பேட்டை வந்ததுமே மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள் தெரியும். கன்னட ராஜ்யோத்சவம். எதிர்த்திசை வண்டி ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் தமிழ்நாடு. அங்கே எல்லைப் போராட்டத் தியாகிகளைப் போற்றும் நாள். வண்டியே ஏறாமல் ஊரில் இருந்தாலோ ஆந்திரப் பிரதேச அவதரண தினம். மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் மூலையில் குடியிருக்கிற எங்களுக்கு இந்த ஒரு தேதிக்கு மூன்று பேர் சொந்தக்காரர்கள்.

மூன்றுக்கும் வேர் 1956. மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்த அன்று வியாழக்கிழமை. ஏற்கெனவே 1953 அக்டோபர் 1-இல் சென்னையிலிருந்து பிரிந்திருந்த ஆந்திர மாநிலத்தோடு ஹைதராபாத்தின் தெலுங்குப் பகுதி சேர்ந்தது. மைசூர் பெரிதாயிற்று. சென்னை மாநிலத்திலிருந்து மலபார் போய், கன்னியாகுமரி வந்தது. கேரளம் பிறந்தது. அதே வியாழக்கிழமை குப்பத்தில் எங்கள் வீட்டில் அண்ணனும் பிறந்தார். “மாநிலத்தோட பொறந்தவன்” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் பாட்டியான அவ்வாவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. “தீவாளிக்கு முறுக்கு மாவு பிசைஞ்சு வெச்சிருந்தேன். உங்கம்மாவுக்கு வலி எடுத்துச்சு. மாவு அப்படியே காஞ்சு போச்சு” என்பார். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 1-ஐ ஒட்டித்தான் வந்தது. அவ்வா பிறந்தது வடாற்காடு ஜில்லாவில். 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் ஜில்லா உருவானபோது கைக்குழந்தை. பிறகு ஆந்திர மாநிலம், அதன்பின் ஆந்திரப் பிரதேசம். தலைநகரம் சென்னை, கர்நூல், ஹைதராபாத் என்று மாறிக்கொண்டே போக, அவர் கண்குந்தி மலையைப் பார்த்தபடி அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் மனத்தில் நின்றது காய்ந்துபோன மாவு.

நான் இந்த ஊரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் நோட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அப்பா பட்டுப்பூச்சி வளர்த்தார். புழுவுக்குத் தேதி தவறக் கூடாது. முட்டை பொரித்த நாள், ஒவ்வொரு தோலுரிப்பு, இலை போட்ட வேளை, புழுவைக் கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் ஏற்றிய நாள் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். கூடு கட்ட விட்ட ஐந்தாறு நாளில் இறக்கிவிட வேண்டும். பத்து நாள் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும், நூல் அறுந்துபோகும், கூடு விலை போகாது. இப்படித் தொழிலுக்காக எழுத ஆரம்பித்தவர், ஓரத்தில் மழையையும் வந்துபோன விருந்தாளியையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டார்.

அந்த நோட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் சலிப்புத் தட்டும். ஒரே தேதியை மட்டும் வருடம் வருடமாக எடுத்து வரிசையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அவை பேச ஆரம்பித்தன. நவம்பர் 1, 1973: மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாற்றிக்கொண்ட நாள். அப்பா எழுதியது: “தூறல். முசுக்கட்டை இலை ஈரம். துடைத்துப் போட்டோம்.” ஈர இலை தின்றால் புழுவுக்கு நோய் வரும். பக்கத்து மாநிலத்துக்குப் புதுப்பெயர் வந்த நாளில் எங்கள் வீட்டில் அம்மாவும் அவ்வாவும் துணியை வைத்துக்கொண்டு இலை துடைத்திருக்கிறார்கள். சரித்திரப் புத்தகத்தில் இந்த வரி வராது. அதனாலேயே இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1984-இன் பக்கம் வேறு மாதிரி. அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி சுடப்பட்டார். அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தோம் என்று என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறுநாள் என்ன நடந்தது என்று கேளுங்கள், திணறுவார்கள். அப்பாவின் நவம்பர் 1: “கூடு இறக்கியாச்சு. லாரி இல்லை. பெரியவன் நிலைகொள்ளாமல் நடக்கிறான்.” எங்கள் கூடு ராமநகரம் சந்தைக்குப் போகும், பட்டுக்கூட்டுக்குப் பேர்போன ஏலம் அங்கேதான். அண்ணனோ இன்றுவரை சாதிப்பார்: “மறுநாளே நான் ராமநகரத்துல இருந்தேன். ரேடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு, சந்தை வாசல்ல உக்காந்து கேட்டேன்.” நோட்டைப் புரட்டினால் அவர் கிளம்பியது 2-ஆம் தேதி இரவு. ரேடியோ கேட்டது 3-ஆம் தேதி, டெல்லியில் இறுதிச் சடங்கு நடந்த சனிக்கிழமை. கேட்டதும் உண்மை, உட்கார்ந்த இடமும் உண்மை. நடுவில் இருந்த இரண்டு நாள் மட்டும் கரைந்துபோய்விட்டது.

இது அண்ணனுக்கு மட்டும் நேர்வதல்ல. நெதர்லாந்தின் உளவியல் அறிஞர் வில்லம் வாகனார் ஆறு வருடம் தன் அன்றாட நிகழ்ச்சிகளைத் தானே குறித்து வைத்தார். யார், என்ன, எங்கே, எப்போது என நான்கையும் எழுதினார். பிறகு ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை நினைவுகூர முடிகிறதா என்று தன்னையே சோதித்தார். 1986-இல் வெளியான அந்த ஆய்வில், ‘என்ன’ என்பதே நினைவை நன்றாக இழுத்து வந்தது. வெறும் தேதியை வைத்துக்கொண்டு அநேகமாக எதையும் மீட்க முடியவில்லை. ‘அஞ்சு வருஷம் முன்னாடி இதே நாள் என்ன பண்ணினோம்’ என்று சும்மா உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது. எழுதிய ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழு நாளும் எழுந்து வரும். ‘இலை ஈரம்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அந்தப் புழு அறையின் வாசனையே வந்துவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவில் ஜில் பிரைஸ் என்ற பெண்மணி, எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று கிழமை என்ன, தான் என்ன செய்தேன் என்று சொன்னார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்காவும் அவர் குழுவினரும் அவரைப் பல வருடம் ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். கேட்க வரம்போலத் தோன்றும். அவருக்கோ அது ஓயாத பாரம். வேண்டாத நாள்களும் வேண்டிய நாள்களும் ஒன்றுபோல வந்து நின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு மறதி கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒரு நோட்டில் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லாமல் போகவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் கண்மூடும்வரை நாட்குறிப்பு எழுதினார். யுத்தமும் வியாபாரமும் வீட்டு விசேஷமும் அதில் கலந்தே இருக்கும். அப்பா அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இருவரையும் ஒரே வரிசையில் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

‘அதே நாள்’ எது என்பதிலும் எங்கள் தெருவில் இரண்டு வழக்கு உண்டு. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கு மாதம் சந்திரனைப் பார்த்து வரும், உகாதியில் வருடம் பிறக்கும். எங்களுக்குச் சூரியக் கணக்கு, சித்திரை ஒன்றில் பிறக்கும். திவசம் என்றால் இரு வீட்டிலும் திதிதான். ஆங்கிலத் தேதியை யாரும் பார்ப்பதில்லை. திதியும் தேதியும் ஏறக்குறையப் பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை கிட்ட வந்து சேரும். 235 சந்திர மாதங்கள் கிட்டத்தட்டப் பத்தொன்பது சூரிய வருடம். 2005-இல் தீபாவளி சரியாக நவம்பர் 1. பத்தொன்பது வருடம் கழித்து 2024-இல் அது அக்டோபர் 31. ஒரு நாள்தான் பிசகு.

வருடத்தின் பெயரோ அறுபது கழித்துத்தான் திரும்பும். 1956 துர்முகி, 2016-ம் துர்முகி. அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. நட்சத்திரப்படி அது அக்டோபர் கடைசியிலேயே, தீபாவளியோடு வந்துவிட்டது. அவரோடு பிறந்த மாநிலத்துக்கும் அறுபதுதான். தெலங்கானா பிரிந்த பிறகு நவம்பர் 1 விழா அப்போது அரசு கணக்கில் இல்லை. 2019-இல்தான் திரும்பக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அண்ணி, “உங்க கூடப் பொறந்ததுக்கு யாரும் மாலை போடலியே” என்றார். அண்ணனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்படி வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய தேதி எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. அக்டோபர் 1: 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்த நாள். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2003 அக்டோபர் 1-இல், திருமலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தொகுதி எம்.எல்.ஏ., அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் வண்டியை அலிபிரியில் கண்ணிவெடி தாக்கியது, காயத்தோடு தப்பினார். ஏப்ரல் 1: 1911-இல் சித்தூர் ஜில்லா தொடங்கிய நாள். 1960-இல் அதே ஏப்ரல் 1-இல் அந்த ஜில்லாவிலிருந்து திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. எல்லைப் போராட்டத் தலைவர்கள் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடியதன் பலன். குப்பம் போகவில்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கணக்கு எழுதும் நீளமான நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு தேதி, வருடத்துக்கு ஒரு வரி. பெரியவர்களிடம் தேதி கேட்காதீர்கள்; முன்னே சொன்னேனே, தேதி நினைவை இழுக்காது. ‘கடலை பிடுங்கினப்போ’, ‘கங்கம்மா ஜாத்திரை அப்போ’, ‘யார் கல்யாணத்துக்கு முன்னாடி’ என்று கேளுங்கள். பழைய பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பிறகு தேதியைக் காட்டிக்கொடுக்கும். சொல்பவர் தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் இரண்டு எழுத்தும் இருக்கிறது. பக்கங்களை எண்ணும்போது பிப்ரவரி 29-ஐ விட்டுவிடாதீர்கள், மொத்தம் 366.