'அதான் எம்.சி.பி இருக்கே ப்ரோ!' - வாட்டர் ஹீட்டர் ஷாக்கில் உயிரைக் காப்பது உண்மையில் எது?

மார்கழி வந்தாச்சு. காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் ஐஸ் மாதிரி கொட்டுகிறது. வேலைக்காகக் கோவையிலும் ஓசூரிலும் பெங்களூருவிலும் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இந்தச் சீசனில் முதலில் ஆர்டர் போடுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வாட்டர் ஹீட்டர் ராடைத்தான். கொஞ்சம் வசதியான வீடு என்றால் பாத்ரூம் சுவரில் கீசர் தொங்கும்.

ராடோ, கீசரோ, இரண்டுமே 230 வோல்ட் மின்சாரத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும் கருவிகள். நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகக் குழாய் மட்டும்தான். "பயமா இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதான் எம்.சி.பி இருக்கே ப்ரோ, ஏதாவதுன்னா அதுவே ஆஃப் ஆகிடும்" என்று பதில் வரும்.

ஆகாது. ஹீட்டர் விஷயத்தில் இருக்கும் ஆபத்தான தப்புக்கணக்கே இதுதான்.

எம்.சி.பி காப்பது வயரை, ஆளை அல்ல

கணக்கு ரொம்ப எளிது. 2,000 வாட்ஸ் கீசர் ஓடும்போது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்குப் பொதுவாக 16 ஆம்பியர் எம்.சி.பி போடுவார்கள். 16 ஆம்பியரைத் தாண்டி மின்சாரம் ஓடினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும், அதைத் தடுக்கத்தான் எம்.சி.பி.

ஈரக் கையோடு, வெறுங்காலில் நிற்கும் ஒருவர் உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் அவர் மேல் பாய்ந்தால் உடல் வழியே ஓடும் மின்சாரம் 230 மில்லி ஆம்பியர், அதாவது 0.23 ஆம்பியர். 16 ஆம்பியருக்காகக் காத்திருக்கும் எம்.சி.பி-க்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது. ஒரு சின்ன பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஆனால் உடம்புக்கு அது மிக அதிகம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 'கரண்ட் இழுத்துப் பிடிச்சிக்கிச்சு' என்று ஊரில் சொல்வது இதைத்தான். இன்னும் கூடினால் மூச்சு திணறும். சில பத்து மில்லி ஆம்பியர் சில நொடிகள் நீடித்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் ஆபத்து உண்டு.

நீச்சல் குளத்தில் இருந்து வந்த காவலன்

இந்த இடைவெளியை நிரப்பும் கருவிக்குப் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய எலெக்ட்ரீஷியன்கள் இன்னமும் இ.எல்.சி.பி என்றே சொல்வார்கள். ஃபேஸ் வயரில் உள்ளே போகும் மின்சாரமும், நியூட்ரலில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால், அந்தப் பாக்கி எங்கோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். ஒருவேளை உங்கள் உடல் வழியாக. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதிகபட்சம் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு அதைவிடப் பல மடங்கு என்றால் இன்னும் வேகமாக.

இதே வேலையைச் செய்யும் கருவி ஒன்றை 1961-ல் அமெரிக்காவில் உருவாக்கியவர் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சியல். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் மனிதனால் கையை எடுக்க முடியாது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். அந்த நாட்டின் மின்விதிகள் இந்தக் கருவியை முதலில் கட்டாயமாக்கியது வீட்டுக்கு அல்ல, நீச்சல் குளங்களின் தண்ணீருக்கு அடியில் எரியும் விளக்குகளுக்கு. ஆண்டு 1968. பாத்ரூம் பிளக்குகளுக்கு 1975-ல்தான் வந்தது. தண்ணீரும் கரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முதல் காவல் தேவை என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. நம்மூரில் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆர்.சி.சி.பி இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று இல்லை. 'சுருக்' என்று அடிக்கும், ஆனால் நீடிக்காது. ஒரு கை ஃபேஸிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் பட்டு, தரைக்கு எதுவும் போகவில்லை என்றால், அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது.

'ஹீட்டர் போட்டாலே டிரிப் ஆகுது'

பல வீடுகளில் ஆர்.சி.சி.பி இருந்தும் இல்லாத மாதிரிதான். காரணம் இந்தப் புகார். கீசர் சுவிட்சைப் போட்டதும் மொத்த வீடும் இருட்டாகும். இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது வந்து கீசர் லைனை ஆர்.சி.சி.பி-க்கு வெளியே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 'பிரச்சினை தீர்ந்தது'.

உண்மையில் அங்கே ஆர்.சி.சி.பி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. ராடு, கீசர் இரண்டிலும் சூடாவது நைக்ரோம் கம்பி. அது உலோகக் குழாயைத் தொடாமல் இருக்கச் சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் குழாய் மேல் வெள்ளையாக உப்பு படியும். படிவு கனமானால் சூடு வெளியேற முடியாமல் குழாய் அதிகமாகச் சூடாகி, நாளடைவில் அரித்தோ வெடித்தோ போகும். அந்த விரிசல் வழியே ஈரம் பொடிக்குள் இறங்கினால் மின்சாரம் வெளியே கசியத் தொடங்கும். தண்ணீர் வழக்கம்போல் சூடாகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பேப்பரில் 'மின்கசிவால் தீ' என்று வருவது பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். நிஜமான மின்கசிவு இப்படிச் சத்தமே இல்லாமல் நடப்பது.

டிரிப் ஆகிறது என்றால் மாற்ற வேண்டியது எலிமென்ட்டை, அல்லது ராடையே. ஆர்.சி.சி.பி-யை அல்ல.

மூன்றாவது பின் எதுக்கு?

பிளக்கில் தடிமனாக, நீளமாக இருப்பது எர்த் பின். ராடின் மூன்று பின் பிளக் சாக்கெட்டில் சேரவில்லை என்று அந்தப் பின்னை உடைத்துவிட்டு, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் மாட்டிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசமான ஐடியா இல்லை.

எர்த் சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் அந்த வயர் வழியே தரைக்கு ஓடும், ஆர்.சி.சி.பி அதைப் பார்த்து நீங்கள் தொடுவதற்கு முன்பே ஆஃப் ஆகிவிடும். எர்த் இல்லையென்றால், கசிவுக்குத் தரைக்குப் போக வழி கிடைப்பதே நீங்கள் தொடும்போதுதான். அதாவது டெஸ்ட் லேம்ப் நீங்கள்.

எர்த் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. வீட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், முழு 230 வோல்ட்டும் அதில் இறங்கினாலும் ஓடுவது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி இதற்கு உடனே விழாது, நிமிடக்கணக்கில் ஆகலாம். மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும். வெயில் காலத்தில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

ராடு போடுபவர்கள் கவனிக்க

ராடு விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சி: சூடாகிவிட்டதா என்று பார்க்க விரலை உள்ளே விடுவது. பிளாஸ்டிக் பக்கெட் என்றால் ராடு கசிந்தாலும் வெளியே எதுவும் தெரியாது, ஏனென்றால் பிளாஸ்டிக் கரண்டைக் கடத்தாது. விரல் போன நொடியில் வழி கிடைத்துவிடும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் என்றால் பாத்திரமே ஷாக் அடிக்கும்.

விரலுக்குப் பதில் போனில் டைமர் வைக்கலாம். 1,500 வாட்ஸ் ராடு, 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். குளிக்க அது தாராளம்.

முதலில் தண்ணீர், பிறகு ராடு, கடைசியில்தான் சுவிட்ச். ராடில் குறித்திருக்கும் அளவுக்கோட்டுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், ராடு பக்கெட்டைத் தொடக் கூடாது. எடுக்கும்போது சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. வயரிங் செய்தவர் தவறுதலாக நியூட்ரலில் சுவிட்ச் கொடுத்திருந்தால், ஆஃப் செய்த பிறகும் ராடில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். காய்ந்த கையால் பிளக்கையே பிடுங்கிவிட்டு, சற்றுப் பொறுத்து ராடை எடுங்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் ராடே வேண்டாம் என்பதுதான் நேர்மையான ஆலோசனை.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையோடு, ராடுக்கு ஐ.எஸ். 368, ஸ்டோரேஜ் கீசருக்கு ஐ.எஸ். 2082 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீசர் என்றால் இன்னும் ஒன்று

கீசரில் ஷாக்கோடு அழுத்தமும் ஒரு பிரச்சினை. தண்ணீர் சூடானால் விரியும். தெர்மோஸ்டாட் பழுதாகி, கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால் டேங்குக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதை வெளியேற்றத்தான் கீழே ஒரு சேஃப்டி வால்வு. சூடாகும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது இயல்பு. 'லீக் ஆகுது' என்று எம்-சீல் வைத்து அடைப்பது டேங்கைக் குண்டாக்குவதற்குச் சமம்.

ஷவரில் குளிக்கும்போது பைப்பைத் தொட்டால் லேசாக 'ஜிவ்வ்' என்று இருக்கிறதா? 'சும்மா ஏதோ' என்று விடாதீர்கள். பைப்பை மறுபடி தொடாமல் வெளியே வந்து, கீசர் லைனை ஆஃப் செய்து, ஆள் வந்து பார்க்கும்வரை போடாமல் இருப்பதே சரி.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

மீட்டர் பக்கத்தில் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து பாருங்கள். 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய குட்டிப் பட்டன் இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. அதில் 30 மில்லி ஆம்பியர், அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை முக்கியமாகத் தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. லேப்டாப் வேலையை சேவ் செய்துவிட்டு, கரண்ட் இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்துங்கள். வீடு இருட்டானால் நல்ல செய்தி. ஆகவில்லை என்றால் அது வெறும் டப்பா. மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

பட்டனே இல்லையென்றால் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் செலவு சின்னதுதான். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்பார். அதுவரை கீசர் கசியவில்லை என்பதைத் தாண்டி அந்தப் பதிலுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆர்.சி.சி.பி பொருத்துவது, எர்த் சோதிப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. யூடியூப் பார்த்து நீங்களே இறங்காதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்

ஓடிப்போய் இழுக்காதீர்கள், அடுத்த ஆள் நீங்களாகிவிடுவீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போன்ற ஒன்றால் வயரைத் தள்ளிவிடுங்கள், நிற்கும் இடமும் ஈரமில்லாமல் இருக்கட்டும். 108-ஐ அழையுங்கள். பேச்சும் இயல்பான மூச்சும் இல்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். அவரே எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றாலும், மயங்கி விழுந்திருந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இ.சி.ஜி எடுத்துவிடுங்கள்.