மௌன ராகம்

மணிரத்னம் எழுதி இயக்கிய 'மௌன ராகம்' 1986-இல் வெளிவந்தது. காதலன் மனோகரைப் பதிவுத் திருமண நாளன்றே துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தவள் திவ்யா. வீட்டாருக்காகச் சந்திரகுமாரை மணந்து டெல்லியில் குடியேறுகிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்க, விவாகரத்து என்கிறாள். மணமாகி ஓராண்டு ஆகாமல் மனுச் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. காத்திருக்கும் அந்த நாட்களில், ஒரே வீட்டில் பேச்சற்று வாழும் இருவருக்கும் நடுவே மெல்ல அன்பு துளிர்க்கிறது.

ரேவதி, மோகன், கார்த்திக் நடித்தனர். இசை இளையராஜா, ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். துக்கத்தில் இருப்பவளைக் குறை சொல்லாமல், அவள் மனம் ஆறும்வரை பொறுத்திருந்ததே இக்கதையின் பெருமை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை இது பெற்றது.